விலை கூடிய கடிகாரமா, மார்புப் பட்டையா?

ஓட்டப் பயிற்சிக்கு ஜிபிஎஸ் கடிகாரம் தேடுபவர்களிடம் அடிக்கடி ஒப்பிடப்படும் இரண்டில் ஒன்று, 2023 மார்ச்சில் 450 டாலர் விலையில் அறிமுகமான கார்மின் ஃபோர்ரன்னர் 265; மற்றொன்று, அதே ஆண்டு ஆகஸ்டில் 229 டாலருக்கு வந்த கோரோஸ் பேஸ் 3. இரண்டாவதை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் சுமார் 100 டாலருக்கு இதயத்துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை ஒன்றையும் சேர்த்துக்கொள்வதே பயிற்சிக்கு அதிகப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

தூரத்தை அளப்பதில் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே எல்1, எல்5 என்ற இரு அலைவரிசைகளிலும் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெறுவதால், உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையால் வரும் பிழை குறைகிறது. மின்கலத்தைப் பொறுத்தவரை கார்மின் ஜிபிஎஸ்ஸுடன் 20 மணி நேரமும் கோரோஸ் 38 மணி நேரமும் தாங்கும் என்கிறார்கள். நான்கு மணி நேர மாரத்தானுக்கு இரண்டுமே தாராளம். கார்மினின் அமோலெட் திரை அழகானது, நைலான் பட்டியுடன் 30 கிராம் மட்டுமே உள்ள கோரோஸ் கையில் இருப்பதே தெரியாது.

எந்தக் கடிகாரமானாலும் நீங்காத ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். மாரத்தான் பாதையை ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளந்து, குறைந்துவிடாமலிருக்க 0.1 சதவீதம் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். நாமோ வளைவுகளில் விலகியும் மற்றவர்களைச் சுற்றியும் ஓடுகிறோம். கடிகாரம் 42.6 கிலோமீட்டர் காட்டும் ஓட்டத்தில், நான்கு மணி நேர இலக்குக்கென 42.195-ஆல் வகுத்துக் கிடைத்த, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி என்ற வேகத்தையே திரையில் பார்த்து ஓடியவர், இரண்டு நிமிடத்துக்கும் மேல் தாமதமாகத்தான் முடிப்பார். கடிகாரம் தன் கணக்கில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானே நேரம் பிரித்துக் காட்டும் தானியங்கி லேப்பை நிறுத்திவிட்டு, கிலோமீட்டர் பலகைகளைக் கடக்கும்போது லேப் பொத்தானை நாமே அழுத்துவதுதான் இதற்கு மருந்து. அதற்கு விலை குறைந்த கடிகாரமே போதும்.

உண்மையான வேறுபாடு இதயத்துடிப்பில் இருக்கிறது. மணிக்கட்டு உணரி பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணிக்கிறது. கை அசையும்போது அது சில சமயம் காலடிகளின் எண்ணிக்கையையே துடிப்பாக எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 140-இல் இருக்க வேண்டிய நிதான ஓட்டத்தில் திடீரென 170 என்று காட்டுவது பெரும்பாலும் இதனால்தான். மார்புப் பட்டையோ இதயத்தின் மின்சமிக்ஞையையே நேரடியாகப் பிடிக்கிறது. கடினப் பயிற்சிக்கு உடல் தயாரா என்று சொல்ல, கார்மின் கூடுதல் விலைக்குத் தரும் பயிற்சித் தயார்நிலை மதிப்பெண்ணின் கணக்கில் பயிற்சிச் சுமையும் மீட்சி நேரமும் இடம்பெறுகின்றன. அவை ஓடும்போது பதிவான துடிப்பிலிருந்தே பிறப்பதால், அந்த எண் பிழையானால் மதிப்பெண்ணும் வழிதவறும்.

சென்னை போன்ற ஊரில் இது இன்னும் முக்கியம். மே மாத விடியலில்கூடப் புழுக்கம் குறைவதில்லை. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் திரும்புவதாலும், வியர்வையில் நீர் போவதாலும், அதே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். டிசம்பரில் எளிதாக இருந்த வேகத்தை அப்போதும் பிடிவாதமாகத் துரத்துபவர், நிதான ஓட்டம் என்று நினைத்துக் கடின ஓட்டம் ஓடிக்கொண்டிருப்பார். ஆகவே கோடையின் நீண்ட ஓட்டங்களுக்குத் துடிப்பையே வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும். 400 மீட்டர் இன்டர்வல்களில், அதாவது இடையிடையே ஓய்வெடுத்து வேகமாக ஓடும் சுற்றுகளில், நிலைமை நேர்மாறானது: துடிப்பு மேலேறுவதற்குள் ஓட்டமே முடியும் நிலைக்கு வந்துவிடுவதால், அங்கே டிராக்கில் நேரத்தைப் பார்த்து ஓடுவதே சரி.

துடிப்பை நம்பிப் பயிற்சி செய்பவர், உச்சத் துடிப்புக்கென 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தைக் கடிகாரத்தில் அப்படியே விட்டுவிடக் கூடாது. உச்சத் துடிப்பு ஒரே வயதினரிடையிலும் பத்துக்கு மேல் மாறுபடலாம். பட்டை அணிந்து முழு மூச்சாக ஓடிய பந்தயத்தில் பதிவான உச்ச எண்ணையே உள்ளிடலாம்.

மணிக்கட்டு அளவே போதும், உறக்கப் பதிவும் அன்றாடப் பயிற்சிப் பரிந்துரையும் ஒரே இடத்தில் வேண்டும், ஓடும்போது மார்பில் எதையும் கட்ட முடியாது என்பவருக்குக் கார்மின் பொருத்தமானது. மற்றவர்கள் பட்டை வாங்கும்போது அது புளூடூத்தில் இயங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்ட் பிளஸ் என்ற வேறொரு கம்பியில்லா இணைப்பு மட்டும் உள்ள பழைய பட்டைகள் பேஸ் 3-உடன் இணையாது. ஓடும் முன் அதன் மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். உலர்ந்த பட்டை, வியர்வை ஊறும்வரை முதல் சில நிமிடங்களுக்குத் தாறுமாறாகக் காட்டும்.