எல்லை நகர்ந்தால் நிலத்துக்கு யார் பணம் தருவது?

எனக்கு ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர். தாத்தாவின் தோட்டம் ஆரியங்காவுப் பக்கம் கேரளத்திலேயே நின்றுவிட்டது, ஆனாலும் அது அவர் பேரில்தான் இருந்தது, கரம் (நிலவரி) தீர்த்த ரசீதுக்காகப் புளியரை தாண்டிப் போய்வந்தார், அவ்வளவுதான். ஒரே நாட்டுக்குள் நகர்ந்த கோடு. போருக்குப் பிறகு இரண்டு நாடுகளுக்கு நடுவே நகர்ந்திருந்தால்?

சொத்து கோட்டுக்கு அப்பால் மாட்டிக்கொண்ட நம் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1965 போரில் இந்தியாவும் பாகிஸ்தானும் எதிரி நாட்டார் சொத்துகளைக் கையில் எடுத்தன. திருப்பித் தருவது பற்றிப் பேசுவோம் என்று 1966 தாஷ்கண்ட் உடன்பாட்டில் எழுதினார்கள். பாகிஸ்தான் தன் கையில் இருந்ததை 1971-ல் விற்றுவிட்டது. இங்கே 1968-ல் எதிரிச் சொத்துச் சட்டம் வந்தது, 2017 திருத்தத்துக்குப் பிறகு வாரிசு இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் உரிமை கிடையாது. இருப்பதிலேயே மோசமான வழி இதுதான் என்பேன்.

இத்தாலி - யூகோஸ்லாவியா கதை வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய 1947 பாரிஸ் ஒப்பந்தத்தில் இத்தாலியிடம் இருந்த இஸ்திரியா தீபகற்பத்தின் பெரும்பகுதி யூகோஸ்லாவியாவுக்குக் கைமாறியது, இத்தாலி அந்த நாட்டுக்கு 12.5 கோடி டாலர் போர் இழப்பீடும் தர வேண்டும் என்றானது. அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை: வீட்டையும் திராட்சைத் தோட்டத்தையும் விட்டுவந்த மக்களின் சொத்து மதிப்பை அந்தக் கடனில் கழித்துக்கொண்டார்கள், அதாவது நாடு பட்ட கடனை ஏதோ ஒரு குடும்பத்தின் வீடு அடைத்தது. 1975 ஒசிமோ ஒப்பந்தம் எல்லையை முடித்துவைத்தது. மிச்சச் சொத்துகளுக்கு யூகோஸ்லாவியா 11 கோடி டாலர் தரும் என்று 1983-ல் பேசினார்கள். அதில் கொஞ்சம் கட்டுவதற்குள் யூகோஸ்லாவியாவே உடைந்தது. ஸ்லோவேனியா தன் பங்கை லக்சம்பர்க் வங்கிக் கணக்கில் போட்டது, இத்தாலி அதைத் தொடவில்லை.

பின்லாந்து யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதே போரில் தன் கிழக்குப் பகுதியான கரேலியாவை சோவியத்திடம் இழந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள், அதோடு 30 கோடி டாலர் இழப்பீட்டுச் சுமை வேறு. அப்படியும் 1945-லேயே சட்டம் போட்டு, அரசு நிலம், கம்பெனி நிலம், பெரிய பண்ணைகள் என்று எடுத்து, வந்தவர்களுக்கு நிலமாகவே கொடுத்தது. சிறு சொத்துக்காரருக்கு முழு ஈடு, பெரியவர்களுக்குப் படிப்படியாகக் குறைவு. செலவுக்கு எல்லார் சொத்தின் மீதும் வரி.

என் ஓட்டு பின்லாந்துக்குத்தான். அங்கேயும் குறை உண்டு: ஈட்டை அரசுக் கடன்பத்திரமாக வாங்கியவர்களுக்கு விலைவாசி ஏற்றம் அதன் மதிப்பைத் தின்றது. நிலமாக வாங்கியவர்களிடம் நிலமாவது நின்றது.