பெயர்ச்சீட்டு இல்லாத பிஸ்கட் தூளை வாங்காதீர்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கேக் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், “முழுக்க டைஜெஸ்டிவ் தூள்தான்” (டைஜெஸ்டிவ் என்பது இனிப்பான கோதுமை பிஸ்கட்) என்று உறுதி சொல்லி விற்ற இரண்டு கிலோ பொட்டலத்தை வாங்கி நான் ஏமாற்றப்பட்டேன். பண்டிகைக் காலத்தில் வீட்டிலேயே சீஸ் கேக் செய்து விற்கும் பெண்கள் நம்மிடையே பலர் இருப்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

சீஸ் கேக்கின் அடித்தட்டுக்கு வழக்கமாக 200 கிராம் தூளுக்கு 100 கிராம் வெண்ணெயை உருக்கி ஊற்றி, ஈர மணல் பதம் வந்ததும் தட்டில் அழுத்தி, 175 பாகை செல்சியஸில் 8 முதல் 10 நிமிடம் வரை சுட்டு ஆறவிடுவேன். டைஜெஸ்டிவில் உள்ள சர்க்கரை அந்தச் சூட்டில் இளகி, ஆறும்போது வெண்ணெயோடு சேர்ந்து இறுகித் தூளைப் பிணைத்துக்கொள்வதால்தான், கத்தி வைத்தாலும் அடித்தட்டு சிதையாமல் துண்டாக வருகிறது. இந்தத் தூளில் செய்ததோ, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் இருந்தும், வெட்டியவுடன் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. மிச்சத்தை வாயில் போட்டுப் பார்த்தேன்; இனிப்பை உப்பு மிஞ்சியது, பழைய எண்ணெயின் சிக்கு வாடையும் அடித்தது. வெள்ளைத் தாளில் பரப்பியபோது, தவிட்டுப் பழுப்புக்கு நடுவே உப்பு பிஸ்கட்டான கிரீம் கிராக்கரின் வெளிறிய சில்லுகள் தெளிவாகவே தெரிந்தன.

கடைக்காரர், “பிஸ்கட் தூள் எல்லாம் ஒன்றுதான், அக்கா, பிரித்த பொட்டலத்தைத் திருப்பி எடுக்க மாட்டோம்” என்று முடித்துவிட்டார். பணத்தைவிட என்னை வருத்துவது வேறு: அதில் கலந்த கொழுப்பு எதிலிருந்து வந்தது என்று தெரியாமல், சைவம் என்று நம்பி வாங்குவோருக்கு நான் எப்படிக் கொடுப்பது?

பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் அதன் பெயரும் சேர்மானங்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் உள்ளது. எதுவும் எழுதாத பொட்டலம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். முழு பிஸ்கட்டை மூடிய பாக்கெட்டாக வாங்கி, கனமான பையிலிட்டு உருளைக்கட்டையால் நுணுக்கிக்கொள்ளுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் தூள் விரைவில் நமத்துவிடும் என்பதால், தேவையானதை மட்டும் அன்றன்று நுணுக்குவது நல்லது.

இப்படி ஏமாற்றப்பட்டவர்கள் ரசீதையும் மிச்சப் பொருளையும் எறிந்துவிடாதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, 50,000 வெள்ளி வரை கோரலாம். நானும் அங்கே மனு கொடுக்கவிருக்கிறேன்.