கொம்பனி வாரண்டியா, கடை வாரண்டியா, பாவித்த போனா?

ஒரே மொடல், ஒரே நிறம். கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாஸாவில் ஒரு விலை, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் இன்னொரு விலை, புறக்கோட்டையில் அதைவிடக் குறைவு, இணையத்தில் பாவித்த போனாகத் தேடினால் இன்னும் குறைவு. எது மலிவு என்பதைச் சுற்றிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கொம்பனி வாரண்டி என்றால், அந்த போனை முறைப்படி இறக்குமதி செய்த உள்ளூர் முகவர் அதற்குப் பொறுப்பு நிற்கிறார். 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி அந்த விலைக்குள் இருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரமும் இருக்கிறது. கடை வாரண்டியில் பொறுப்பாளி கடைக்காரர் மட்டும்தான். டுபாயிலிருந்தோ ஹொங்கொங்கிலிருந்தோ வந்த போனாக இருக்கலாம், பெட்டி உடைக்காததாகவும் இருக்கலாம். ஆனால் பழுது வந்தால் முகவரின் சேர்விஸ் சென்டர் அதை வாரண்டியில் எடுக்காது. கடைக்காரர் தனக்குத் தெரிந்த திருத்துநரிடம் அனுப்புவார். அவர் எந்தப் பாகத்தைப் போடுகிறார் என்று உங்களுக்குத் தெரிய வராது. கடை இடம் மாறினாலோ மூடப்பட்டாலோ வாரண்டியும் அதோடு போய்விடும்.

கடை வாரண்டி முழுக்க ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒரே இடத்தில் பல வருடங்களாக நின்று, வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைத்து நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களும் இதே கட்டடங்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் “ஒரு வருஷம் வாரண்டி இருக்கு” என்ற வாய்ச்சொல் போதாது. டிஸ்ப்ளேக்கு உண்டா, பற்றரிக்கு உண்டா, மதர்போட் போனால் மாற்றித் தருவார்களா, திருத்தித்தான் தருவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள இலக்கமான ஐஎம்ஈஐயும் பில்லில் இருக்க வேண்டும். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஐஎம்ஈஐ பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். போனில் *#06# அழுத்தினால் 15 இலக்கம் வரும். பெட்டியில் உள்ளதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஐஎம்ஈஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த 15 இலக்கம் என்று டைப் செய்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். இதைக் காசு கொடுப்பதற்கு முன்பே, கடைக்குள் நின்றே செய்யுங்கள்.

வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்த போன்களில் வேறு சிக்கல்களும் உண்டு. அமெரிக்காவுக்கான ஐபோன் 14 முதல் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கும் இசிம் மட்டும்தான். ஜப்பானுக்கான ஐபோனில் கமராச் சத்தத்தை நிறுத்த முடியாமல் இருக்கலாம். சீனாவுக்கான அண்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் கூகுள் சேவைகள் முழுமையாக இருக்காது. அதில் கடைக்காரர் வேறு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தால் வங்கி அப் வேலை செய்யாமல் போகலாம். வெள்ளவத்தையில் எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி வாங்கியது வெளிநாட்டு நெட்வேர்க்குக்குப் பூட்டிய ஐபோன். சிம்மோடு ஒட்டி வைக்கும் மெல்லிய சிப் ஒன்றால்தான் அது இங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அப்டேட் போட்டதும் சிக்னல் நின்றுவிட்டது. விற்றவர் விற்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆகவே சிம் தட்டைக் கழற்றி உள்ளே வேறேதும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பாவித்த போனுக்கு வருவோம். மூன்றில் அதிகம் மிச்சம் பிடிப்பது இதுதான், அதிகம் சோதிக்க வேண்டியதும் இதுதான். கீறல், கமரா, ஸ்பீக்கர் எல்லாம் எல்லோரும் பார்ப்பார்கள். பலர் தவறவிடுவது பழைய உரிமையாளரின் கணக்கை. ஐபோனில் பழைய ஆப்பிள் கணக்கு நீங்காமல் இருந்தால், எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அந்தக் கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. அண்ட்ரொய்டிலும் 2015இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து இப்படியொரு பாதுகாப்பு உண்டு. விற்பவரே உங்கள் கண் முன்னால் கணக்கிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்து, போன் புதிதாகத் தொடங்கும் திரை வரும்வரை காத்திருங்கள். “வீட்டை போய் கழட்டித் தாறன் அண்ணை” என்றால் காசும் அப்போதே கொடுக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். திருட்டு போனாக இருப்பதற்கு இது பெரிய அறிகுறி.

ஐபோன் 12 முதல் செட்டிங்ஸில் ‘எபவுட்’ பகுதிக்குள் போனால், பற்றரியோ டிஸ்ப்ளேயோ மாற்றப்பட்டிருந்தால் அது தெரியும், அசல் பாகமா என்பதும் தெரியும். பற்றரி ஹெல்த், அதாவது புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் மிச்சமிருப்பது, 80 வீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். திருத்துவதற்காக ஒருமுறை திறந்த போனில் தண்ணீர் புகாத தன்மையை நம்பவே கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் மிச்சமிருக்கிறது என்பது. ஓர் எடுத்துக்காட்டு. சாம்சங் எஸ்22 வந்தது 2022 தொடக்கத்தில், கொம்பனி சொன்ன பாதுகாப்பு அப்டேட் ஐந்து வருடம். அதாவது 2027 வரை. 2024 கடைசியில் வந்த, அதே சாம்சங்கின் சாதாரண ஏ16க்கு ஆறு வருடம், 2030 வரை. எஸ்22இன் கமராவும் திரையும் எவ்வளவோ மேல். ஆனால் சம்பளம், வங்கி, ஓடிபி எல்லாம் ஒரே போனில் இருக்கிறவர் பாவித்த எஸ்22ஐ விட்டுவிட்டுப் புது ஏ16ஐக் கொம்பனி வாரண்டியோடு எடுப்பதுதான் சரி என்பேன். இதே எஸ் வரிசையில் எஸ்24க்கு ஏழு வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல நிலையில் பாவித்த எஸ்24 கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஐபோனில் 2018இன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டுக்கும் 2025இல் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அவற்றை இனி வாங்காதீர்கள்.

கடை வாரண்டியை நான் எப்போது சம்மதிப்பேன் என்றால், ஐஎம்ஈஐ பதிவாகியிருந்து, பில் ஒழுங்காக இருந்து, அந்த மொடல் இங்கே முகவர் வழியாக வராததாகவும் இருந்தால் மட்டும். விலையில் சிறு வித்தியாசத்துக்காக அதை எடுப்பதில் பயனில்லை. அம்மா அப்பாவுக்கு வாங்கிக் கொடுப்பதென்றால் கொம்பனி வாரண்டியைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள். பழுது வந்தால் கடைக்காரரோடு மல்லுக்கட்ட அவர்களை அனுப்ப முடியாது.

கார்டில் கட்டினால் மேலதிகமாக இத்தனை வீதம் என்று சில கடைகளில் கேட்பார்கள். அப்படி அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது, கார்ட் தந்த வங்கிக்கு அறிவிக்கலாம். வாரண்டியை மறுத்தால் பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977இல் அழையுங்கள்.

வாங்கிய அன்றே திரைப்பூட்டோடு சிம்முக்கும் ஒரு பின் (PIN) இலக்கம் போடுங்கள். போனைத் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவர் கைக்குப் போகும், சிம்முக்குப் பின் இலக்கம் இருந்தால் போகாது. ஐஎம்ஈஐ இலக்கத்தை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொலைந்தால் பொலிஸில் முதலில் கேட்பது அதைத்தான்.