சொந்தக் கெர்னலோடு மூன்று ஆண்டுகள்: அந்த (0,0) தந்த எரிச்சல்

என்னைப் போல லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, மூல நிரலிலிருந்து தானே கம்பைல் செய்து பார்க்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். மடிக்கணினியின் பழைய சாட்டா வகை வட்டைக் கழற்றிவிட்டு, என்விஎம்இ என்ற வேறு வகை வட்டு பொருத்திய மறுநாள் கேட்டதால், பதில் சற்றுக் காரமாகவே வந்தது.

மூன்று ஆண்டுகளாக, 'லோக்கல்மோட்கான்ஃபிக்' என்ற கட்டளை மூலம் அன்று ஏற்றப்பட்டிருந்த மாட்யூல்களை (கெர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு, தேவையானவற்றைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ் (துவக்கத்தில் நினைவகத்தில் ஏறி, உண்மையான வட்டைக் கண்டுபிடிக்க உதவும் தற்காலிகக் கோப்பு முறைமை) இல்லாமலே கணினியைத் துவக்கி வருகிறேன். அது துவங்கும் வேகத்தில் இன்றும் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தச் சிக்கனத்தில் என்விஎம்இ வட்டை இயக்கும் டிரைவரும் போய்விட்டிருந்தது. வட்டை மாற்றியதும் திரையில், மேலே போக முடியாமல் கெர்னல் நின்றுவிட்டதைச் சொல்லும் 'கெர்னல் பேனிக்', கூடவே 'அன்நோன் பிளாக் (0,0)', அதாவது துவக்க வேண்டிய வட்டு எதுவென்று தெரியவில்லை. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

எந்தக் கெர்னலைத் துவக்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் விட்டுவைத்திருந்த, டிஸ்ட்ரோவோடு (நிறுவிய லினக்ஸ் தொகுப்போடு) வந்த கெர்னல் வழியாக உள்ளே நுழைந்து, அந்த டிரைவரை 'எம்' (தனி மாட்யூல்) என்று குறித்துக் கம்பைல் செய்தேன். அது என் மடத்தனம்: வட்டைப் படிக்க வேண்டிய மாட்யூல் அதே வட்டில்தான் இருந்தது. 'ஒய்' (கெர்னலுக்குள்ளேயே) என்று திருத்திய பிறகும் அதே (0,0) வந்தபோதுதான் பொறுமை போனது. வட்டின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4-க்கான ஆதரவு விடுபட்டதோ என்று இரண்டு மணி நேரம் கான்ஃபிக் கோப்பைத் துழாவினேன்.

உண்மையில் பிழை வேறிடத்தில் இருந்தது. வட்டின் பெயர் மாறியதால், கிரப்பில், எந்த இடத்திலிருந்து துவக்குவது என்று கெர்னலுக்குச் சொல்லும் 'ரூட்' என்பதற்கு எதிரே யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணை எழுதியிருந்தேன். கோப்பு முறைமையின் யுயுஐடியைக் கொண்டு பார்ட்டிஷனை (வட்டின் பிரிவை) தேடித் தருவது இனிட்ராம்எஃப்எஸ் செய்யும் வேலை. கெர்னல் தானாக அறிவது பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்ணான பார்ட்யுயுஐடியைத்தான்.

நியாயமாகச் சொன்னால், 'ரூட்' அளவுருவைச் சரியாகக் கொடு என்று எழுதி, இருக்கும் பார்ட்டிஷன்களையும் அவற்றின் பார்ட்யுயுஐடிகளையும் அதே திரையில் கெர்னல் வரிசையாகக் காட்டியிருந்தது. முதல் முறை அந்தப் பட்டியல் வெறுமையாக இருந்தது, இம்முறை நிறைந்திருந்தது. வித்தியாசத்தை நான்தான் கவனிக்கவில்லை. இருந்தாலும், வட்டே தெரியாததற்கும் பெயர் புரியாததற்கும் ஒரே (0,0) காட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நண்பரிடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்காமல் இறங்குவாரானால், பழைய கெர்னலை நீக்காமல் இருக்கட்டும். நான் அடுத்த பதிப்பை நேற்றிரவே கம்பைல் செய்ய விட்டுவிட்டேன், இம்முறை இனிட்ராம்எஃப்எஸ்ஸோடு.