பேரூர் ஞாயிறு சித்தாந்த வகுப்பு: ஆறு மாதம் படித்தபின்

பேரூர் பட்டீசுவரர் கோயிலுக்கு அருகே ஞாயிறு காலை 10 மணி முதல் 12 மணி வரை நடைபெறும் சைவ சித்தாந்த வகுப்பில் ஆறு மாதங்களாகப் படித்து வருகிறேன். கட்டணம் கிடையாது; பாடத்தாள்களுக்கு மட்டும் 150 ரூபாய் பெற்றுக்கொள்கிறார்கள். முன்பு வேறோர் ஊரில், ஒரு சொற்பொழிவின் முடிவில், கடவுள் உண்டென்பதை எதைக்கொண்டு அறிவது என்று கேட்டபோது, "நம்பிக்கை இருக்கறவங்க இப்படிக் கேக்க மாட்டாங்க" என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பெரியார் பிறந்த ஈரோட்டில், அவர் எழுத்தைப் படித்து வளர்ந்த தந்தைக்கும் கிருத்திகை விரதம் தவறாத தாய்க்கும் பிறந்த எனக்கு, அந்தப் பதில் இருவரையுமே அவமதித்ததாகப் பட்டது.

இங்கே முதல் நாள் பாடமே அந்தக் கேள்விதான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய, சைவ சித்தாந்தத்தின் முதன்மை நூலான சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களில் முதல் மூன்றும் பிரமாணவியல், அதாவது இறை, உயிர், பாசம் ஆகியவை உண்டென நிறுவும் பகுதி. கருத்து ஒவ்வொன்றும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (அதற்கான காரணம்), எடுத்துக்காட்டு என்ற முறையில் நிறுவப்படுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது, சோமனூரிலிருந்து வரும் விசைத்தறிக்காரர் ஒருவர் எழுந்து, "ஐயா, கரண்ட்டு இருந்தா எங்க தறி தானா ஓடுதுங்களே" என்றார்.

"பாவு நூல் அறுந்தா ஆருங்க முடிச்சுப் போடறது?"

"அறுந்தாத் தானா நிக்கற தறியும் வந்துருச்சுங்க."

ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டு, உவமை தளர்ந்ததால் ஏதுவும் தளர்ந்ததா என்பதை ஆராயவே அடுத்த வாரத்தின் முழு நேரத்தையும் செலவிட்டார். தோன்றி, நின்று, அழியும் அறிவற்ற உலகத்துக்கு அறிவுடைய கருத்தா, அதாவது செய்பவன், வேண்டும் என்பதே வாதம் என்று அன்றுதான் தெளிவாக விளங்கியது. அந்தக் கருத்தா ஒருவனாகவே இருக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் முழுதாக உடன்பாடில்லை. வகுப்பிலேயே சொன்னேன், யாரும் வருந்தவில்லை.

கருதலளவை, அதாவது ஏதுவைக் கொண்டு ஊகித்து அறிவது, 'கருத்தா உண்டு' என்பதுவரைதான் கொண்டு சேர்க்கும், ஊனக்கண்ணுக்கு எட்டாதவனை ஞானக்கண்ணால் நாட வேண்டும் என்கிறது ஒன்பதாம் நூற்பா என்று ஆசிரியரே எல்லையைக் காட்டிவிடுகிறார். அந்த நேர்மைக்காகவே இவ்வகுப்பை எவருக்கும் பரிந்துரைப்பேன்.

குறையும் உண்டு. பாடத்தாளின் எழுத்து மிகப் பொடி; வயதானவர்கள் சன்னலோரம் பிடித்துப் படிக்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை, சிவஞானபோதத்தின் வழிநூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை இரண்டே வாரத்தில் கடந்துவிட்டது. உலகாயதம் தொடங்கி 14 மதங்களை எடுத்துக்கொண்டு மறுக்கும் பகுதி அது. காட்சி ஒன்றையே அளவையாக (அறியும் வழியாக)க் கொண்டு கடவுளை மறுக்கும் உலகாயதரின் கட்சியை அதன் முழு வலுவோடு எடுத்துச் சொன்னால்தானே மறுப்புக்கும் வலு சேரும்? இதை எழுதிக் கொடுத்தோம். தை மாதத்திலிருந்து பரபக்கத்தை விரிவாக நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உலகாயதம் எடுக்கும் ஞாயிறன்று தானும் வருவதாகத் தந்தையார் சொல்லியிருக்கிறார்.