மாவுப்புழுவா, சோல்ஜர் ஈயா: டர்பன் காற்றுக்கு எது ஒத்துவரும்?

கோழிக்கும் ஃபின்ச் குருவிக்கும் வீட்டிலேயே புழு வளர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது எதில் புரதம் அதிகம் என்பதைத்தான். அதற்கு முன்னால் நீங்கள் குடியிருக்கும் ஊரின் காற்றைப் பாருங்கள். மாவுப்புழு, அதாவது பெட் ஷாப்பில் மீல்வோர்ம் என்று விற்பது, காய்ந்த தவிட்டில் வாழ்கிற ஜீவன். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவோ ஈரக் கழிவில் வாழ்வது. தென்னாப்பிரிக்காவின் கடற்கரை ஊரான டர்பனில் வெயில் காலமான டிசம்பரிலிருந்து மார்ச் வரை துவைத்த துணியே சரியாகக் காயாது. ஆக இந்த ஊர்க் காற்று ஈயின் பக்கம். அப்படியிருந்தும் டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

மாவுப்புழுவின் பெரிய பலம், அதை வீட்டுக்குள்ளேயே ஒரு அலமாரித் தட்டில் வைத்துவிடலாம். நாற்றம் கிடையாது, சத்தம் கிடையாது, வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் புழுவாலும் ஏற முடியாது, வண்டாலும் ஏற முடியாது. முட்டை பொரிய ஒன்றிரண்டு வாரம், புழுவாக இரண்டரை மூன்று மாதம், கூட்டுப்புழுவாக இன்னும் ஒன்றிரண்டு வாரம், அப்புறம் வண்டாகி இரண்டு மூன்று மாதம் இருந்து ஒவ்வொரு பெண்ணும் சில நூறு முட்டை இடும். 25 முதல் 28 டிகிரி வரை அதற்கு ரொம்பப் பிடிக்கும். டர்பனில் குளிர்கால ஜூலை ராத்திரியில்கூட வேகம் குறையுமே தவிர வளர்ச்சி நிற்காது, ஹீட்டர் தேவையில்லை. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கதை வேறு: அங்கே குளிர்கால இரவு பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும், அடியில் சூட்டுப் பாய் போடாவிட்டால் புழு அப்படியே உறைந்த மாதிரி கிடக்கும், மின்வெட்டு வந்தால் அதுவும் போச்சு. ஆனால் நம்மைப் படுத்துகிற மைட் என்கிற பொடிப் பூச்சியின் தொல்லை அந்தக் காய்ந்த காற்றில் மிகக் குறைவு.

மைட்டைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். டர்பனில் மாவுப்புழு வளர்ப்பைக் கைவிடுகிறவர்களில் நான் பார்த்த பெரும்பாலானோர் இதனால்தான் கைவிட்டார்கள். ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் தானிய மைட் பெருகும். முதலில் பெட்டியின் விளிம்பில் மாவு படிந்த மாதிரி ஒரு வெளிறிய கோடு தெரியும், உற்றுப் பார்த்தால் அந்த மாவு நகரும். அடியில் இருக்கும் தூளை ஒரு கரண்டி சலித்து எடுத்து, கறுப்புத் தாளில் கூர்மையான குவியலாகக் கொட்டிவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். மைட் இருந்தால் குவியலின் முனை சரிந்து தட்டையாகியிருக்கும். விரலில் வைத்துக் கசக்கினால் லேசாகப் புதினா வாசம்கூட அடிக்கும். வந்த பிறகு சல்லடையால் பிரிக்க முடியாது, பெரிய புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் கையால் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத் தவிடு முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான். வராமல் தடுக்க வழி இருக்கிறது. கோதுமைத் தவிட்டை வாங்கியதும் ஓவனில் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போடாதீர்கள். மூடிக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். கேரட் துண்டு வைத்தால் மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். காற்றின் ஈரம் 90 சதவீதத்தை நெருங்கும்போது இந்தப் புழு காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும், அதனால் பிப்ரவரிப் புழுக்கத்தில் கேரட்டைப் பாதியாகக் குறைத்தாலும் ஒன்றும் ஆகாது. மீலி மீலில், அதாவது மக்காச்சோள மாவில், வளர்க்கலாமா என்று கேட்பார்கள். வளரும், ஆனால் மாவு நைசாக இருப்பதால் ஈரத்தில் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். தவிடுதான் நல்லது.

ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போடுவதா, டிராயர் டிராயராகப் பிரிப்பதா என்று அடுத்த கேள்வி வரும். ஒரே பெட்டி சுலபம்தான், ஆனால் வண்டு தன் முட்டையையும் அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழுவையும் தின்றுவிடும். மூன்று டிராயர் அலமாரி ஒன்று வாங்கி, மேல் டிராயரின் அடித்தட்டை வெட்டி நைஸ் வலை ஒட்டி, வண்டுகளை அதில் விட்டால் முட்டை தானாகக் கீழே விழும். நடு டிராயர் குஞ்சுப் புழுவுக்கு, கடைசி டிராயர் பெரிய புழுவுக்கு. கூட்டுப்புழுவை மட்டும் தனி டப்பாவில் போடுங்கள். சலித்த எச்சத் தூளைச் சில வாரம் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, குஞ்சு எதுவும் நெளியவில்லை என்று உறுதியானதும் மிளகாய்ச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் போடலாம், அருமையான உரம்.

சோல்ஜர் ஈக்கு வருவோம். இதற்கு நீங்கள் விதைப்புழு வாங்கக்கூடத் தேவையில்லை, டர்பனில் வெயில் காலத்தில் கம்போஸ்ட் தொட்டிக்குத் தானே வரும். புளித்த மீலி மீல் கூழை ஒரு மூடிய வாளியில் வைத்து, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, மேலே அலை அலையான அட்டைத் துண்டைத் தொங்கவிட்டால் அந்த அட்டையின் இடுக்குகளில் முட்டையிடும். நாலைந்து நாளில் பொரியும், இரண்டு மூன்று வாரத்தில் கொழுத்துக் கறுத்துவிடும். கறுத்ததும் தின்பதை நிறுத்திவிட்டுக் காய்ந்த இடம் தேடித் தானாக மேலேறும், அதனால் வாளிக்குள் ஒரு சாய்வுப் பலகை வைத்தால் ராத்திரியில் ஏறி வெளியே இருக்கும் டப்பாவில் விழுந்து கிடக்கும். பொறுக்கும் வேலையே இல்லை. வளர்ந்த ஈ ஒரு வாரம் போல இருக்கும், கடிக்காது, வீட்டு ஈ மாதிரி சோற்றில் வந்து உட்காராது.

தொல்லை என்றால் நாற்றம். பட்டர்நட் தோல், கீரைத் தண்டு என்று காய்கறிக் கழிவு போட்டால் பரவாயில்லை, இறைச்சி போட்டால் தாங்காது, கோழிக்குப் போகும் புழுவுக்கு இறைச்சிக் கழிவு கொடுக்கவும் கூடாது. இதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் புரட்டாசியைச் சொல்கிறேன்: விரத மாதத்தில் சமையலறைக் கழிவு முழுக்கக் காய்கறி, இங்கே அப்போது வசந்தம், ஈயும் வரத் தொடங்கும். சாட்ஸ்வர்த்தின் ஒட்டு வீடுகளில் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிறது, வாளியை அவர்கள் ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள். குரங்கு வந்தால் சாதாரண மூடியைத் திறந்துவிடும், ரப்பர் கொக்கி போட்டு இறுக்குங்கள்.

தீனியாகப் பார்த்தால், மாவுப்புழுவில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. முட்டையிடும் பறவைக்கு அதை மட்டும் நம்பிக் கொடுக்கக் கூடாது, கணவாய் ஓட்டுத் தூள் தூவிக் கொடுங்கள். சோல்ஜர் புழுவின் தோலிலேயே கால்சியம் படிந்திருக்கும், கோழிக்கு அது மிகவும் பொருத்தம். ஆனால் ஃபின்ச் குஞ்சுக்கு அந்தத் தோல் கடினம். தானே தோலை உரித்த கையோடு வெள்ளையாக, மெத்தென்று இருக்கும் சின்ன மாவுப்புழுதான் அதற்குச் சரி, தாய்க்குருவி தேடித் தேடி முதலில் எடுப்பதும் அதைத்தான்.

மாவுப்புழுவை விடப் பெரிய சூப்பர்வோர்ம் புழுவையும் கேட்பீர்கள். கூட்டமாக இருக்கும்வரை அது கூட்டுப்புழுவாக மாறாது, ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் அடைக்க வேண்டும், ஃபிரிஜ்ஜில் வைத்தால் செத்துவிடும். பெரிய பல்லி வளர்க்கிறவர்கள் கடையில் வாங்கிக்கொள்வதே மேல்.

என் முடிவு இது. பின்கட்டில் கோழி இருந்தால் சோல்ஜர் ஈ, யோசிக்கவே வேண்டாம், ஒரு டப்பா மாவுப்புழுவைக் கோழிகள் ஒரே மத்தியானத்தில் காலி செய்துவிடும். கூண்டுக்குருவி மட்டும் என்றால் மாவுப்புழு, அதுவும் டிராயர் முறையில். ஃபிளாட்டில் இருந்தாலும் இதேதான். மாவுப்புழுவை மே மாதத்தில் தொடங்குங்கள், காய்ந்த காற்று கிடைக்கும், மறுபடி புழுக்கம் வருவதற்குள் இரண்டாம் தலைமுறை வண்டுகள் கையில் இருக்கும்.