சர்க்கரை மாத்திரைக்கு ஊர் நர்ஸம்மாவா, பெரியாஸ்பத்திரியா?

உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் அப்பத்தாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தால் கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் கண் மங்கல், ஆறாத புண் என்றால் சிறப்பு மருத்துவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். மார்வலி வந்தால் உடனே 108.

மாதாமாதம் பார்க்க ஊர் நர்ஸம்மாவே சரி. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நர்ஸம்மா பிரஷர் பார்த்ததோடு விடமாட்டார். அப்பத்தாவின் கால்விரல் இடுக்குகளை விரித்துப் பார்ப்பார்.

“ஆத்தா, செருப்பில்லாம காட்டுக்குப் போனீகளா?”

சர்க்கரையில் மரத்துப்போன காலில் முள் குத்தினால் தெரியாது. அப்புறம் அந்தப் புண் விரலையே வாங்கிவிடும். மருந்தின் அளவை மாற்றுவது மட்டும் டாக்டர் வேலை. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதும்.